பன்னிரண்டு நிமிஷம்

கோயில் கடிகாரம் மறுபடியும் பன்னிரண்டு நிமிஷம் பின்னால் போயிருந்தது.

சாமியப்பன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது அடித்து இரண்டு நிமிஷம். வாசல் வழியே உள்ளே சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு இன்னும் பத்து நிமிஷம். நேற்றுச் சாயங்காலம் மில் சங்கு ஊதியபோது, அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதே முள்ளைச் சரியாக வைத்துச் சாவி கொடுத்துவிட்டுப் போனவர் அவர்தான். இன்று காலை எட்டேகாலுக்குக் கதவைத் திறந்தபோதும் நேரம் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரத்துக்குள் பன்னிரண்டு நிமிஷத்தை எந்தப் பூனை தின்றது?

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மணிக் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பிடித்து இழுக்க முடியவில்லை. இழுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவரே!

திருப்பூரில் நொய்யலுக்கு இந்தப் பக்கம் இருந்த அந்தச் சின்ன வேதக்கோயிலில் மொத்தம் நாற்பது குடும்பங்கள்கூட இல்லை. எல்லோரும் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் உழைப்பவர்கள். 1958இல், புதிதாகக் கைக்கடிகாரம் வாங்கிய ஒருவர், “மணி அஞ்சு நிமிசம் முன்னாடியே அடிச்சுட்டாங்க” என்று வாசலில் சண்டைக்கு நின்றார். அன்று மாலையே கமிட்டியைக் கூட்டிச் சாமியப்பன் தன் கையாலேயே தீர்மானம் எழுதினார். ‘ஆராதனை நேரத்துக்குக் கோயில் கடிகாரமே கணக்கு. எவருடைய கைக்கடிகாரமும் செல்லாது. இரண்டாம் மணி அடித்ததும் கதவு அடைக்கப்படும். முதல் பாடம் வாசித்து முடியும்வரை திறக்கப்படமாட்டாது.’

எட்டு வருஷம் கழித்து அந்தத் தீர்மானம் எழுதியவரின் கழுத்தையே பிடித்தது.

சாமியப்பன் முப்பத்தொரு வருஷம் நூல் மில்லில் டைம் கீப்பர். காலை ஏழு மணிச் சங்கு ஊதி ஐந்தாவது நிமிஷம் கேட்டை இழுத்துச் சாத்துவது அவர் வேலை. வருகிறவர்களின் முகத்தை அவர் பார்த்ததில்லை. கையில் இருக்கும் பித்தளை டோக்கனின் நம்பரை மட்டும் பார்ப்பார். ஒரு நிமிஷம் பிந்தினாலும் கேட்டுக்கு வெளியேதான். அண்ணன் மகனாக இருந்தாலும் வெளியேதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருக்கு யோபு என்று பெயர். அந்தப் பெயருக்கு உரிய பொறுமையை மட்டும் அவர் யாரிடமும் கடனாகக்கூட வாங்கவில்லை.

போன வருஷம் மில்லிலிருந்து ஓய்வு. மாலை போட்டு, ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. அவர் இல்லாமலே ஊதியது! அதைக் கேட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்றவருக்கு, இந்த உலகத்தில் மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை மணி ஒன்றுதான் என்று தோன்றியது. அந்த மணியும் ஜூலை மாதத்திலிருந்து தினுசு தினுசாக அவரை ஏமாற்றியது.

கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு ரிப்பேர்க்காரர் அர்த்தநாரியிடம் ஓடினார். ஐந்து நாள் வைத்திருந்துவிட்டு அர்த்தநாரி திருப்பித் தந்தார்.

“கடியாரத்துல ஒரு கோளாறும் இல்லீங்க. எங்கூட்டுச் சொவத்துலதான் மாட்டி வெச்சிருந்தேன். மில்லுச் சங்கே இதப் பாத்துத்தான் ஊதோணும், அப்படி ஓடுது. உங்க கோயில்லதான் என்னமோ இருக்குதுங்க. ஒரு எலுமிச்சங்காய் கட்டிப் பாருங்களேன்.”

“எங்க கோயில்ல எலுமிச்சங்காயெல்லாம் கட்ட மாட்டோம்.”

“அப்ப என்னையக் கேட்டு என்னுங்க பிரயோசனம்?”

அந்த ஞாயிறும் போயிற்று, பதினான்கு நிமிஷம்.

கடிகாரம் மட்டுமா? கோயிலில் எல்லாமே ஒழுங்கு கெட்டுப்போனதாக அவருக்குத் தோன்றியது. பெண்கள் பக்கத்து ஜன்னலில் யாரோ தேங்காயெண்ணெய்ப் புட்டி ஒன்றை வைத்தார்கள். “இது கோயிலா, குளிக்கிற தொட்டியா?” என்று அதை எடுத்து எறிந்தார். மறு வாரம் அதே இடத்தில் வேறொரு புட்டி. அதையும் எறிந்தார். மூன்றாவதும் வந்தது. அவர் மனைவி ஜானகியம்மாளின் காப்பிக்கொட்டை நிறச் சேலை சனிக்கிழமை வீட்டில் காய்கிறது, ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகிறது, திங்கட்கிழமை மறுபடி கொடியில் காய்கிறது. கேட்டால், “எங்க போயிரும்? ஊட்டுக்குள்ளதான் கெடக்கும்” என்கிறாள். ஜூன் மாதம் ஒரு நாள் ஈரச் சேலையோடு, சலவைக்காரத்தின் நாற்றத்தோடு எவளோ ஒருத்தி இரண்டாம் மணிக்குப் பிறகு வந்து வாசலில் நின்றாள். “இதென்ன சந்தப்பேட்டையா, நெனச்ச நேரத்துக்கு வர? மணி அடிச்சாச்சு!” என்று கதவைச் சாத்தினார். பாடம் வாசித்து முடித்துத் திறந்தபோது அவள் இல்லை. படியில் இரண்டு ஈரக் காலடி மட்டும் இருந்தது. கழுவித் துடைத்த படி நனைந்துபோனதே என்று அதற்கும் எரிச்சல்பட்டார். அப்போதிலிருந்துதான் எல்லாமே சரியில்லை.

அக்டோபர் மாதம் முதல் ஞாயிறு அவமானம் நேராகவே வந்தது. அந்தக் கோயிலுக்கென்று தனியாகக் குருவானவர் கிடையாது. வாரா வாரம் ஆராதனை நடத்துபவர் உபதேசியார் தேவசகாயம். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், ஐயர் என்று எல்லோரும் அழைக்கும் குருவானவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து நற்கருணை கொடுப்பார். அன்று ஐயர் அங்கியைக் கழற்றியபடியே, பத்துப் பேர் காது கேட்கச் சொன்னார்:

“சாமியப்பன், உங்க கடிகாரம் எந்த ஊர் நேரத்தைக் காட்டுது? எனக்குப் பல்லடத்துல பதினொரு மணிக்கு இன்னொரு ஆராதனை. மூணு மாசமா பஸ்ஸைத் தவற விடுறேன். அடுத்த மாசமும் ஒன்பதுக்கு மணி அடிக்கலைன்னா, மணிப் பொறுப்பை வேற ஆளுக்குக் கொடுத்திருங்க.”

முப்பத்தொரு வருஷ டைம் கீப்பரைப் பார்த்து இந்த வார்த்தை! வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஜானகியம்மாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

“ஏனுங்க, பன்னெண்டு நிமிசத்துல லோகம் முழுகியா போயிரும்?”

“முழுகும்! உனக்கென்ன தெரியும்? மணி போச்சுன்னா எனக்கு என்ன இருக்குது? சொல்லு, என்ன இருக்குது?”

அவள் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை. அவர்தான் முகம் பார்க்கிறவர் இல்லையே.

அந்த மாதம் முழுக்க அவர் ஆள் பிடிக்கும் யோசனையிலேயே இருந்தார். எட்டேகாலுக்குக் கடிகாரம் சரி. ஒன்பதுக்குத் தப்பு. இடையில் அவர் கோயிலுக்குள் இல்லாத நேரம் ஒன்றே ஒன்று. எட்டரைக்கு முதல் மணி. மணி இருப்பது வெளியே, இரண்டு கல்தூணுக்கு நடுவே. முதல் மணிக்கு நாற்பது அடி என்பது கோயில் பிறந்த நாளிலிருந்து வழக்கம். நாற்பதையும் அடித்து முடிக்கிற அந்த நேரத்தில்தான் கை வைக்கிறார்கள்!

நவம்பர் முதல் ஞாயிறு. எட்டரைக்குக் கயிற்றைப் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அடித்தார். பதினேழாவது அடியோடு கயிற்றை விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.



ஆர்மோனியப் பெட்டிக்குப் போடும் பெஞ்சு கடிகாரத்துக்கு அடியில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் உபதேசியார் தேவசகாயம்! பெண்கள் பக்கத்துப் பாயில் ஏழெட்டுப் பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, “பதினேழோட நின்னு போச்சே, பதினெட்டு வரலியே” என்று விரல் மடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மேல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பிடித்தபடி நின்றவள் அவர் மனைவி ஜானகியம்மாள்.

“எறங்கு” என்றார் சாமியப்பன். குரல் அவருடையது போலவே இல்லை.

“கொஞ்சம் பொறுங்க. இன்னும் மூணு நிமிசம் பாக்கி” என்றாள் அவள். அவ்வளவு பதற்றத்திலும் கை முள்ளை விடவில்லை.

“எறங்குன்னேன்!”

உபதேசியார் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். மெதுவாகக் கையைக் கூப்பினார். “அண்ணாச்சி, கோவப்படாதீங்க. குத்தம் என்னோடதுதான். மாரக்காளுக்காகத்தான் செய்தோம்.”

“எந்த மாரக்காள்?”

“ஜூன் மாசம் நீங்க கதவைச் சாத்துனீங்களே, அந்தப் பிள்ளைதான். ஆத்தோரத்துச் சலவைப் பட்டறையில வேலை. ஞாயித்துக்கிழமையும் விடிகாலையில பனியன் துணியை வெயில்ல விரிச்சுப் போட்டுட்டுத்தான் விடுவாங்க. எப்படி ஓடி வந்தாலும் ஒன்பது பன்னெண்டு ஆயிருது. அன்னிக்குத் திரும்பிப் போனவ ஒரு மாசம் கோயில் பக்கமே வரலை. ‘எனக்குப் பின்னால கதவு சாத்துற சத்தம் கேக்க முடியல’ன்னு அழுதா, அண்ணாச்சி. இவங்கதான் போய்க் கூட்டிட்டு வந்தாங்க.”

‘இவங்க’ என்று அவர் காட்டியது ஜானகியம்மாளை. அவள் பெஞ்சிலிருந்து இறங்கிப் புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“வீரன் பொண்டாட்டிங்க அவ.”

“எந்த வீரன்?”

“உங்களுக்கு மூஞ்சி தெரியாதுங்க. நம்பரு தெரியும். பதிலி, நானூத்தி முப்பத்தேழு. அந்தப் பித்தளை டோக்கனை இன்னும் அவ ஊட்டுல ஆணியில மாட்டி வெச்சிருக்கறா.”

நானூத்தி முப்பத்தேழு! சாமியப்பனுக்கு ஞாபகம் வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் திரும்பி வராத ஒரே டோக்கன் அது. அதற்காக மேலே புகார்கூட எழுதி அனுப்பினார். நிரந்தர ஆள் வராத நாளில் வேலைக்குப் போகும் பதிலிக்காரன். ஒரே மாதத்தில் மூன்று தரம் பிந்தி வந்தான். மூன்றாவது தரம் கம்பிக்கு வெளியே நின்று, “சாமி, கொளந்தைக்குக் காச்சலுங்க” என்றான். நேரம் ஏழு ஆறு. சட்டப்படி பதிலிக்கார்டு கிழிக்கப்பட்டது.

“மில்லுல வேல போனதும் சலவப் பட்டறைக்குப் போனானுங்க. ரெண்டு வருசம் அந்தக் காரத்த மூச்சுல இழுத்தான். நெஞ்சு வெந்துபோய்ப் போன பங்குனியில போய்ச் சேந்துட்டான். இப்ப அவன் எடத்துல அவ நிக்கறா. இத்தன நாள்ல அவ வாயில உங்க பேரு ஒரு தரமாச்சும் வந்ததில்லீங்க.”



சாமியப்பனுக்குக் கோபம் தணிந்ததா என்றால், இல்லை. போய் விழ ஓர் இடம் இல்லாத கோபம் இரண்டு மடங்காகத்தானே ஆகும்? “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? ஊரே கூடி என்னையக் கோமாளி ஆக்கோணுமா?”

“சொல்லியிருந்தா? தீர்மானத்த எடுத்துப் படிச்சிருப்பீங்க.” ஜானகியம்மாள் குரல் உடைந்தது. “மணி உங்க மானமுங்க. நீங்க லேட்டா அடிச்சீங்கன்னு ஒரு வாயி சொல்லிரக் கூடாதுன்னுதான், மணிய வுட்டுப்போட்டுக் கடியாரத்தப் பொய்யாக்குனோம்.”

அவர் யாரையும் பார்க்காமல் பெஞ்சில் ஏறினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரியான இடத்துக்குத் தள்ளினார். “இன்னிக்கு ஒம்பதுன்னா ஒம்பதுதான்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பாதியில் விட்ட முதல் மணியின் மிச்சம் இருபத்துமூன்று அடியையும் அடித்து முடித்தார்.

எட்டே முக்கால் ஆயிற்று. எட்டு ஐம்பத்தைந்து ஆயிற்று. ஐயர் அங்கி போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார், கையில் கடிகாரத்தோடு. சாமியப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஆற்றிலிருந்து வரும் பாதையைப் பார்த்தார். பாதையில் ஒரு மாட்டு வண்டி வந்தது. வேறு யாரும் இல்லை.

“ஒன்பது. அடிங்க, சாமியப்பன்.”

இழுத்தால் முடிந்தது. மானம் திரும்பி வந்துவிடும். மூன்று மாத அவமானம் ஓர் இழுப்பில் தீர்ந்துவிடும். கயிறு கையில் இருந்தது. கை மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கம்பிக்கு வெளியே நின்றவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. எவ்வளவு முயன்றும் அந்த முகம் வரவே இல்லை. ஒரு பித்தளை வட்டம்தான் வந்தது.

“கயிறு சிக்கிக்கிச்சுங்கய்யா” என்றார்.

ஐம்பத்தொன்பது வயதில் அவர் கோயில் வாசலில் சொன்ன முதல் பொய். சொன்ன பிறகு சும்மா நிற்க முடியுமா? ஏணியை இழுத்துத் தூணில் சாத்தி ஏறினார். சிக்காத கயிற்றைச் சிக்கெடுத்தார். முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. கீழே சபையே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. “விழுந்துராதீங்க மாமா!” என்று ஒருத்தி கத்தினாள். “கத்திரிக்கோலு கொண்டாரட்டுங்களா?” என்றார் ஒருவர், ஒன்றும் தெரியாதவர்போல. பனியன் கம்பெனிக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் கத்திரிக்கோல்தான்!

ஏணி மேலிருந்து ஆற்றங்கரை தெரிந்தது. வெள்ளை வெளேரென்று பனியன் துணி தரை முழுக்க விரித்துக் கிடந்தது. அந்த வெள்ளைக்கு நடுவிலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி பிரிந்து பாதைக்கு வந்தது. ஓடியது. நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டது. மறுபடி ஓடியது.

“ஓடு” என்று பல்லைக் கடித்தார் சாமியப்பன். “நிக்காதே. ஐயோ, எதுக்கு நிக்கறா இவ?”

ஒன்பது பதின்மூன்றுக்கு அவள் படியேறினாள். ஈரச் சேலை, வற்றிய முகம், முப்பது வயதுகூட இருக்காது. ஏணியிலிருந்து இறங்கி நின்ற சாமியப்பனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“மணி... அடிச்சாச்சுங்களா சாமி?”

முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்தார். என்னென்னவோ சொல்ல வேண்டும். வாயில் வந்தது இவ்வளவுதான்:

“இன்னும் இல்ல. வெரசாப் போ. வாசல்ல நிக்காதே.”

அவள் பக்கத்து அறையில் நுழைந்து, காப்பிக்கொட்டை நிறச் சேலையில் வெளியே வந்தாள். பாயில் அவளுக்கு இடம் விட்டிருந்தது. ஜன்னலில் இருந்த புட்டியை ஒருத்தி எடுத்து நீட்டினாள். அவர் இரண்டாம் மணியை அடித்தார். ஏழு அடி. பிறகு கதவைச் சாத்தினார், சத்தம் வராமல், உள்ளங்கையைக் கொடுத்து.

நற்கருணைக்கு அவள் முன்னால் போய் முழங்காலில் நின்றபோது நீட்டிய கைகளைச் சாமியப்பன் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தார். காரத்தில் வெளுத்து, விரல் நுனியெல்லாம் வெடித்த கைகள். எண்ணெய் பளபளத்தது. மூன்று புட்டியில் இரண்டை எறிந்தது அவர் கை. நேரம் பார்க்கிறவர்போல அவர் கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். எத்தனை மணி என்று தெரியவில்லை. முள் இரண்டும் தண்ணீருக்குள் கிடந்தன.

ஆராதனை முடிந்ததும் ஐயர் நேராக மணியிடம் போய்க் கயிற்றை ஒரு தரம் இழுத்தார். கணீரென்று அடித்தது.

“கயிறு நல்லாத்தானே இருக்கு?”

“ஆமாங்கய்யா.”

“அப்புறம்?”

சாமியப்பன் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உபதேசியார் சொல்வதற்கு வாயைத் திறந்தார். சாமியப்பன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மாரக்காளின் பெயரை வாசலில் போட்டு அலச அவருக்கு மனமில்லை. ஐயர் அன்றும் பஸ்ஸைத் தவறவிட்டார். மணிப் பொறுப்பு உபதேசியார் தேவசகாயத்துக்கு மாற்றப்பட்டது என்று அன்று மதியமே கமிட்டிப் புத்தகத்தில் ஏறியது. அதை எழுதிய கையும் சாமியப்பனுடையதே. கமிட்டிக்கு அவர்தானே செயலாளர்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. செய்தது சரி என்று நெஞ்சு சொன்னது. போன மணி போனதுதானே என்று அதே நெஞ்சு எரிந்தது. காலையில் சங்கு ஊதும்போதெல்லாம் கதவைப் படாரென்று சாத்தினார்.

அடுத்த ஞாயிறு எட்டரைக்கு வெளியே உபதேசியார் முதல் மணி அடிக்கத் தொடங்கினார். அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி இல்லை. அதைக் கேட்கக் கேட்கச் சாமியப்பனுக்கு நாராசமாக இருந்தது. அப்போது ஜானகியம்மாள் ஓசைப்படாமல் ஆர்மோனியப் பெஞ்சை இழுத்தாள்.

“நில்லு” என்றார் அவர்.

எல்லோருக்கும் திக்கென்றது.

“ஒரு நா பதினொண்ணு வெக்கற, ஒரு நா பதினாலு வெக்கற. உனக்குக் கையளவே தெரியாது. தள்ளு அக்கட்டால.”

பெஞ்சில் ஏறினார். கண்ணாடிக் கதவைத் திறந்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பெரிய முள்ளைப் பின்னால் நகர்த்தினார். சரியாகப் பன்னிரண்டு நிமிஷம். ஒரு கோடு கூடவுமில்லை, குறையவுமில்லை. இதையாவது ஒழுங்காகச் செய்ய இந்தக் கோயிலில் ஓர் ஆள் வேண்டாமா?

மாதத்தின் முதல் ஞாயிறு வரும் ஐயருக்கு வழி ஒன்றையும் பின்னால் உபதேசியார் வீட்டம்மா கண்டுபிடித்தாள். காலைப் பலகாரம் அவர்கள் வீட்டில் இடியாப்பம். அது வேக எப்போதும் பன்னிரண்டு நிமிஷம் பிந்தியது. பல்லடத்து ஆராதனையைப் பதினொன்றரைக்கு மாற்றிக்கொண்டதாக ஐயர் ஒரு நாள் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு, கடிகாரத்தைத் திருப்பிவிட்டுச் சாமியப்பன் பெண்கள் பக்கத்து ஜன்னலுக்குப் போனார். எண்ணெய்ப் புட்டி அடி தட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து வேறொரு புட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று முறைத்தார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஜன்னல் வழியே பாதையைப் பார்த்தபடி நின்றார். கைக்கடிகாரத்தில் ஒன்பது அடித்து ஒன்பது நிமிஷம். பத்து நிமிஷம். பதினொரு நிமிஷம்.

“இன்னும் வளைவே தாண்டலியே” என்று முணுமுணுத்தார். “எட்டிக் கால் போட்டு நடக்கத் தெரியாதா இந்தப் பொம்பளைக்கு?”